நேதாஜியின் படைவீரர், பின்னர் ஊராட்சித் தலைவர்: தாத்தாவின் வாழ்க்கையைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

கேள்வி | பதிவிட்டவர்: தொண்டிக்கரை

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்குத் தெற்கே உள்ள ஒரு கடலோரக் கிராமம் என் ஊர். 1924இல் பிறந்த என் தாத்தா, பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர். அங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது, 1943இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1946இல் ஊர் திரும்பி, 1960களில் எங்கள் ஊராட்சிக்குத் தலைவராக இருந்தார். காலம் தாழ்ந்தேனும் அவருக்கு ஒரு நூற்றாண்டு மலர் வெளியிட ஊர் இளைஞர்கள் விரும்புகிறார்கள். எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

அவர் கேப்டனாக இருந்தார் என்றும் இம்பாலில் போரிட்டார் என்றும் என் சித்தப்பா சொல்கிறார். ஆனால் வீட்டில் ஒரு பதக்கம்கூட இல்லை. விசாரித்த இடத்தில், முன்னாள் படைவீரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தலைவராக அவர் செய்தவற்றைக் கேட்டால், ஊருணி வெட்டினார், 1964 புயலில் ஊரைக் காத்தார் என்று பொதுவாகத்தான் சொல்கிறார்கள். பொய்யைச் சற்றும் பொறுக்காதவர் அவர். அவரைப் பற்றிய மலரில் ஐயத்துக்குரிய ஒரு வரியும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1 | பதிவிட்டவர்: பழைய ஏடு

பட்டியலில் பெயர் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களை விடுதலைக்குப் பிறகும் இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அரசின் கணக்கில் அவர்கள் முன்னாள் படைவீரர்கள் அல்லர். விடுதலைப் போராட்டத் தியாகிகள் என்ற வகையில் வருகிறார்கள். பதக்கம் இல்லாததற்கும் அதுவே காரணம். அதற்குப் பதிலாக, 1972இல் விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டித் தியாகிகளுக்கு வழங்கப்பட்ட தாமிரப் பட்டயம் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. சிறை ஆவணம் கிடைக்காதவர்கள் உடனிருந்த கைதிகளிடம் சான்று வாங்கி விண்ணப்பத்துடன் இணைத்தார்கள். தாத்தா விண்ணப்பித்திருந்தால், எந்தப் பிரிவில் சேர்ந்தார், எங்கே பிடிபட்டார் என்பதெல்லாம் அவருடைய சொற்களிலேயே அந்தத் தாள்களில் இருக்கக்கூடும்.

அது கிடைக்கும்வரை 'கேப்டன்' என்றோ 'இம்பால்' என்றோ எழுதாதீர்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத் தமிழர்கள் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் சாதாரணச் சிப்பாய்கள், போர்முனைக்குப் போகாமல் மலாயாவிலேயே இருந்தவர்களும் உண்டு. தாய்நாட்டை ஒரு முறைகூடப் பார்த்திராத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. சிப்பாயாக இருந்தார் என்று எழுதுவதால் உங்கள் தாத்தாவின் மதிப்புக் குறையாது.

மறுமொழி 2 | பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற எழுத்தர்

தம்பிக்கு வணக்கம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். போர் அவர் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகள். ஊர்ப்பணி அதைவிட நீண்டது, அதற்குத்தான் எழுத்துச் சான்றும் மிகுதியாக இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் பழைய தீர்மானப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் யார் வந்தார்கள், எந்த வேலைக்கு எவ்வளவு தொகை ஒதுக்கினார்கள், யார் மறுப்புத் தெரிவித்தார்கள் என்பதெல்லாம் தேதியுடன் எழுதப்பட்டு, அடியில் தலைவரின் கையெழுத்து இருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சித் தலைவர்கள் ஒன்றியக் குழுவிலும் உறுப்பினர்களாக இருந்தார்கள். ஆகையால் ஒன்றியத்தின் கூட்டப் பதிவேடுகளிலும் அவர் உங்கள் ஊருக்காக என்ன கேட்டார் என்பது இருக்கலாம். நேரில் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுக் கொடுங்கள். இன்னொன்று: 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் முன்பு, இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இயங்கிவந்தது. பழைய கடிதங்களில் மதுரை முகவரியைக் கண்டு வேறு மாவட்டத்துத் தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

புயலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற ரயிலை மூழ்கடித்த பேரலையை உங்கள் ஊர்க் கரைக்கும் கொண்டுவந்து எழுதிவிடாதீர்கள். அந்த நாட்களில் உங்கள் ஊராட்சி என்ன செய்தது என்பதற்கு, 1965இன் முதல் சில தீர்மானங்களைப் பாருங்கள். கூரை போன வீடுகள், உடைந்த வள்ளங்கள், வரித் தள்ளுபடி என ஏதேனும் பதிவாகியிருந்தால், அவற்றை உள்ளபடி எழுதுங்கள். 'ஊரைக் காத்தார்' என்பதைவிட அது பெரிது.

மறுமொழி 3 | பதிவிட்டவர்: தேவிபட்டினத்து அத்தை

ஐயா சொன்ன பதிவேடுகளில் ஊருணிக்கான செலவு இருக்கும்; அந்த ஊருணி யாருக்கு என்ன செய்தது என்பது இருக்காது. எங்கள் கரையில் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்பு நீர்தான். கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். ஒரு குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும். ஊருணித் தண்ணீர் கலங்கியிருந்தால் குடத்தின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரைத்துத் தெளியவைப்போம். உங்கள் ஊரில் எழுபது வயதைக் கடந்த பெண்களிடம், ஊருணி வருமுன் எங்கே போய் நீர் எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஊருணியில் எல்லாத் தெருவினரும் மொள்ள முடிந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு தலைவர் எப்படிப்பட்டவர் என்பது அதற்கான விடையில் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவரின் பதில் | தொண்டிக்கரை

மூவருக்கும் நன்றி. தாத்தாவின் தகரப் பெட்டியில் ஓய்வூதிய விண்ணப்பத்தின் நகல் கிடைத்தது. அதில் அவர் தம்மைச் 'சிப்பாய்' என்றே எழுதியிருக்கிறார். இம்பால் என்ற பெயரே இல்லை. மலாயாவில் ஒரு முகாமில் உணவுக் கிடங்குக் கணக்கைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். சித்தப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, நீண்ட நேரம் கழித்து, கேப்டன் என்ற சொல்லை எடுத்துவிடும்படி அவரே கூறினார்.

தீர்மானப் புத்தகங்களில் ஒன்று கரையான் அரித்துவிட்டது. இரண்டு நல்ல நிலையில் இருக்கின்றன. என் பெரிய அத்தைக்கு இப்போது 78 வயது. ஊருணியில் எல்லாத் தெருவினரும் நீர் மொண்டார்களா என்ற கேள்வியை வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலில் அவரிடம் கேட்கப் போகிறேன். என்ன விடை வந்தாலும் மலரில் அப்படியே இடம்பெறும்.