வன்னியில வான் வாங்கினால் ஆரின்ர பேரில பதியிறது?

கனகராயன்கரை (டோர்ட்முண்ட்):
வருசா வருசம் ஆடி மாசம் பிள்ளையளோட கிளிநொச்சிக்கு வந்து ஆறு கிழமை நிப்பம். கட்டுநாயக்க விமான நிலையத்தில இருந்து ஏத்திற ஹயர் (வாடகை வான்), பிறகு மடு, நல்லூர், வற்றாப்பளை எண்டு ஓடுற ஓட்டம், எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தால் பெரிய காசு. அதால பழைய டொல்பின் வான் ஒண்டைப் பார்த்து வைச்சிருக்கிறன். என்னட்ட இருக்கிறது ஜேர்மன் பாஸ்போட் மட்டும்தான். இலங்கை அடையாள அட்டை இல்லை. விக்கிறவர் "ஓபன் பேப்பரில எடுங்கோ, இல்லாட்டி இஞ்ச இருக்கிற சொந்தக்காரர் ஆரின்ரயும் பேருக்கு மாத்துங்கோ" எண்டு சொல்லுறார். விசுவமடுவில தங்கச்சி ரெண்டு பிள்ளையளோட தனிய இருக்கிறாள். அவளின்ர பேரில போடுறதில எனக்குப் பிழை ஒண்டும் தெரியேல்லை. ஜேர்மனியிலயும் உப்பிடித்தானே? அங்க வதிவிடம் இல்லாத ஆள் கார் பதியிறதெண்டால், ஜேர்மனியில முகவரி உள்ள ஒருத்தரைக் கடிதம் வாங்கிற ஆளா நியமிக்கவேணும். கனடாவில இருந்து வந்த மச்சான் கார் எடுத்து ஐரோப்பா சுத்தினபோது நான்தான் அந்த ஆளா நிண்டனான். ஏழு எழுத்துக் காப்புறுதி இலக்கம், அவரின்ர பாஸ்போட், என்ர முகவரி. அலுவல் முடிஞ்சுது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மாங்குளம்சந்தி:
அண்ணை, முதல்ல ஓபன் பேப்பர் கதையை விடுங்கோ. பெயர் மாத்திறதுக்கு எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 எண்டு ரெண்டு படிவம் இருக்கு. அதில விக்கிறவர் கையெழுத்தை மட்டும் வைச்சு, வாங்கிற ஆளின்ர இடத்தை வெறுமையா விட்டுத் தாறதுதான் ஓபன் பேப்பர். அந்தப் பேப்பர் உங்கட கையில இருக்குமட்டும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைப் பொறுத்தவரை வான் இன்னமும் அவரின்ரதான். அவர் செத்தால் பிள்ளையளின்ர சொத்து. அவர் கடன்பட்டால் கடன்காரர் வானைத் தேடி வருவினம். வான் ஒருத்தரை அடிச்சால் பொலிஸ் அவரின்ர வீட்டுக்குப் போகும், அவர் உங்களைக் காட்டுவார். உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்லை. காசு குடுத்ததுக்குச் சாட்சி, வான் நிண்ட முத்தத்துப் பலாமரம் மட்டும்தான்.

முறிகண்டியான் (லண்டன்):
ஓபன் பேப்பர் கூடாது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் தங்கச்சியின்ர பேரில போடுறதில என்ன பயம்? இங்கிலாந்தில வி5சி எண்ட பதிவுப் பத்திரத்திலயே "இது உரிமைக்குச் சான்று அல்ல" எண்டு அடிச்சிருக்கு. பேர் எண்டது வாகனத்துக்குப் பொறுப்பான ஆளைக் காட்ட, காசு போட்டவன் வேற ஆளா இருக்கலாம். எங்கட சனத்தில அரைவாசி வாகனம் உப்பிடித்தான் ஓடுது. அண்ணன் தங்கச்சிக்குள்ள நம்பிக்கை இல்லையெண்டால் பேந்தென்ன குடும்பம்? ஒரு முத்திரையில எழுதிக் கையெழுத்து வாங்கி வைச்சால் காணும்.

தர்மபுரம்அக்கா:
நானும் உப்பிடி ஒரு தங்கச்சிதான் தம்பியவை. அதாலதான் எழுதுறன்.

2019 இல பிரான்சில இருக்கிற என்ர அண்ணா வான் ஒண்டு வாங்கி என்ர பேரில போட்டார். எனக்கு முன்பள்ளியில படிப்பிக்கிற சின்னச் சம்பளம். அண்ணா வாற ஒரு மாசம் வான் அவருக்கு. மிச்சப் பதினொரு மாசம் மாமாவின்ர பெடியன் ஓடினான். ஹயருக்கும் ஓடினான், நான் கேட்டால் "அண்ணாவுக்குத் தெரியும்" எண்டான். 2022 இல எரிபொருளைப் பங்கிட கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் எண்டுதான் பதியத் தொடங்கினவை. பெடியன் எனக்குச் சொல்லாமலே என்ர இலக்கத்தில வானைப் பதிஞ்சிட்டான். நான் வேலைக்குப் போற ஸ்கூட்டியும் என்ர பேரிலதான். அந்தக் கிழமை முழுக்கத் தர்மபுரத்தில இருந்து சைக்கிள் மிதிச்சன்.

2023 இல அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிப் பணத்துக்கு வீட்டுக்கு வந்து விபரம் எடுத்த பிள்ளை போனில அமத்தி அமத்திக் கேட்டாள்: "வாகனம் இருக்கோ?" பொய் சொல்ல மனம் வரேல்லை, சொன்னாலும் பதிவில நிக்கும். பட்டியலில என்ர பேர் வரேல்லை. 22 விசயம் பாக்கிறவையாம், வானால மட்டும்தான் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் மேன்முறையீட்டுக்குப் போன இடத்தில என்ர கோப்பைத் திறந்த அதிகாரி முதல் கேட்ட கேள்வி வானைப் பற்றித்தான். "அது அண்ணாவின்ர" எண்டன். "அப்ப அண்ணாவின்ர பேரில எல்லோ இருக்கவேணும்?" எண்டா அவ. எனக்குப் பதில் இல்லை.

பிறகு ஒருநாள் பழுப்பு உறையில சிங்களத்தில கடிதம். ஜீ.எஸ். (கிராம சேவகர்) வாசிச்சுச் சொன்னார், பரந்தனில வான் ஒரு மோட்டார் சைக்கிளைத் தட்டினதாம், வானின்ர வருடாந்த வரிப்பத்திரம் முடிஞ்சு நாலு மாசமாம், உரிமையாளர் நீதிமன்றத்துக்கு வரவேணுமாம். உரிமையாளர் நான். அண்டைக்குத்தான் அந்த வானின்ர வரிப்பத்திரத்தை முதல் முதலாக் கண்ணால பார்த்தனான்.

கனகராயன்கரை (டோர்ட்முண்ட்):
அக்கா, உங்களுக்கு நடந்தது எனக்கு மனசைப் பிசையுது. ஆனால் உங்கட அண்ணா பார்க்காமல் விட்ட பிழையை எல்லாருக்கும் சேர்க்கவேண்டாம். நான் தங்கச்சிக்கு மாசாமாசம் அனுப்புறன். அஸ்வெசுமவில மிக வறிய குடும்பத்துக்கே 2025 தொடக்கம் மாசம் 17,500 தான். அதைவிடக் கூட நான் குடுக்கிறன். நான் இல்லாத நாளில அந்த வான் அவளின்ர பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தும், வருத்தம் துன்பம் எண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடும். அது அவளுக்கு உதவி இல்லையோ?

தர்மபுரம்அக்கா:
நீங்கள் அனுப்புறது உங்கட அன்பு தம்பி. அது நிண்டுபோற நாளும் வரும், வேலை போகும், நோய் வரும். அரசாங்கப் பட்டியலில இருக்கிற பேர் அப்பதான் தேவைப்படும். ஜேர்மனி உதாரணத்தையும் நீங்களே திருப்பிப் பாருங்கோ. மச்சானின்ர கார் மச்சானின்ர பேரில இருந்தது, கடிதம் மட்டும் உங்களுக்கு வந்தது. இஞ்ச நீங்கள் கேக்கிறது முகவரியை இல்லை, தங்கச்சியின்ர பேரையே. அவள் வான் ஓடுவாளோ?

ஓமந்தைக்காரன்:
பதினொரு வருசம் காப்புறுதி முகவரா இருந்தனான். பேர் ஆருக்கு எண்ட சண்டைக்குள்ள காப்புறுதி ஒருத்தருக்கும் தெரியேல்லை, ஆனால் கடைசியில எல்லாம் அதிலதான் வந்து முட்டும்.

1951 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தேர்ட் பார்ட்டி (மூன்றாம் தரப்புக் காப்புறுதி) இல்லாமல் வாகனம் ரோட்டில ஏற ஏலாது. அதுவும் புகைப் பரிசோதனையும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில வரிப்பத்திரம் தருவினம். ஆனால் தேர்ட் பார்ட்டி எண்டது நீங்கள் அடிச்ச ஆளுக்கு. உங்கட வான் நொருங்கினால் அதில ஒரு சதமும் வராது, ஃபுல் போட்டிருக்கவேணும்.

ஒரு இரவு புளியங்குளம் தாண்டி ஏ9 இல ஒரு வான் கட்டாக்காலி மாட்டை அடிச்சிட்டுது. எனக்குத்தான் போன் வந்தது. போய்ப் பார்த்தால் மாடு ரோட்டுக்கரையில, வானின்ர ரேடியேற்றர் தண்ணி தாரில ஓடிக் காயுது, சின்னப் பிள்ளை ஒண்டு அழுது. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, எல்லாரும் நிம்மதியா நிக்கினம். மதிப்பீட்டாளர் வந்து சாரதியின்ர லைசன்ஸைக் கேட்டார். ஓடினது வெளிநாட்டில இருந்து வந்த ஐயா. நோர்வே லைசன்ஸை நீட்டினார். இலங்கையில செல்லுபடியாக்கின பேப்பர் ஒண்டும் இல்லை. இழப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில அந்த வரியை எழுதேக்க மதிப்பீட்டாளரின்ர பேனை ஒருக்கால் நிண்டது எனக்கு இப்பவும் ஞாபகம். காசு வரேல்லை. முப்பது வருசம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓடின மனுசன், ஓட்டத்தில குறை சொல்ல ஏலாது. அதை ஒருத்தரும் கேக்கேல்லை.

சர்வதேச லைசன்ஸ் இருந்தாலும் கொழும்பில அதை உறுதிப்படுத்தவேணும், இல்லையெண்டால் வேரகரவில இருக்கிற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக லைசன்ஸ் எடுக்கவேணும். 2025 ஆகஸ்ட் தொடக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்திலயே சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக லைசன்ஸ் குடுக்கிறாங்கள். இறங்கின கையோட அலுவலைப் பாருங்கோ. மற்றது, தனிப்பட்ட பாவனை எண்டு காப்புறுதி எடுத்திட்டு ஹயருக்கு ஓடினால் அதுவும் கைவிட்ட மாதிரித்தான். தர்மபுரம் அக்காவின்ர பெடியன் செய்தது அதுதான். லண்டன் தம்பிக்கு ஒண்டு: முழு நட்டத்துக்குக் காசு வந்தாலும் அது காப்புறுதி எடுத்த ஆளின்ர பேருக்குத்தான் வரும். முத்திரையில எழுதின கடதாசியைக் கம்பனி பாக்காது.

முறிகண்டியான் (லண்டன்):
லைசன்ஸ் விசயம் சரி, அது எனக்கும் பாடம். ஆனால் பேர் விசயத்தில நான் மாறமாட்டன். வெளிநாட்டுப் பாஸ்போட்டோட நிக்கிறவன் ஊரில ஒண்டும் வாங்கக்கூடாதெண்டால், காணியும் வீடும் சகோதரங்களின்ர பேரில இருக்கிற சனம் எல்லாம் என்ன செய்யிறது? பதியாமல் விடுறதோ? லீசிங் வாகனத்தில கம்பனியை "முழு உரிமையாளர்" எண்டும் ஓடுறவரைப் "பதிவு உரிமையாளர்" எண்டும் ரெண்டு பேரைப் பதிவுப் புத்தகத்தில போடுறாங்கள் தானே. குடும்பத்துக்குள்ளயும் அப்பிடி ஒரு வழி கேளுங்கோ.

மாங்குளம்சந்தி:
அது கடன் குடுத்தவனுக்குச் சட்டம் போட்ட வேலி. அண்ணன் தங்கச்சிக்குள்ள அப்பிடி வேணுமெண்டால் உண்மையா ஒரு ஈடு எழுதவேணும், சட்டத்தரணியிட்ட போகவேணும். அதைவிட நேரான வழி இரட்டைக் குடியுரிமை. அடையாள அட்டை கைக்கு வந்தால் உங்கட பேரிலயே பதியலாம். இப்ப கார், வானுக்கு டின் நம்பரும் (வரி செலுத்துற ஆளின்ர இலக்கம்) கேக்கிறாங்கள், அதையும் எடுத்து வையுங்கோ. நீங்கள் இல்லாத காலத்தில காப்புறுதி, வரிப்பத்திரம் புதுப்பிக்கத் தங்கச்சிக்கு ஒரு அற்றோணித் தத்துவம், அங்க தூதரகத்தில உறுதிப்படுத்தி அனுப்பலாம். வேலை அவளுக்கு, பேரும் பொறுப்பும் உங்களுக்கு. ஜேர்மனி முறைக்குக் கிட்ட வாறது அதுதான்.

தேவிபுரத்தான்:
நீளமா எழுத வரேல்லை. அப்பா 2004 இல லொறி ஒண்டு வாங்கினவர். புத்தகம் வவுனியா முதலாளி ஒருத்தரின்ர பேரில, பேப்பர் மட்டும் அப்பாவின்ர கையில. 2009 இல கடைசி யுத்தத்தில லொறியை விட்டிட்டு வட்டுவாகல் பாலம் கடந்தம், பேப்பரும் அதுக்குள்ள. பிறகு விட்ட வாகனங்களைத் தேடிப் போன சனத்தோட அப்பாவும் போனவர். இலக்கத்தகட்டை அடையாளம் கண்டு தொட்டுக் காட்டினவர். "புத்தகம் ஆரின்ர பேரில?" எண்டு கேட்டவை. வீட்டுக்கு வந்து திண்ணையில இருந்தவர், இரவு சாப்பிடேல்லை.

கனகராயன்கரை (டோர்ட்முண்ட்):
எல்லாருக்கும் நன்றி. நேற்று விக்கிறவரிட்ட புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னன். அதில இருக்கிறது அவரின்ர பேரே இல்லை. குருநாகல் முகவரி. அவரும் ஓபன் பேப்பரிலதான் வாங்கினவராம், அவருக்கு முன்னால இன்னொருத்தரும் அப்பிடித்தானாம். வானை விட்டிட்டன். இந்த ஆடிக்கும் ஹயர்தான். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க பிறப்புச் சான்றிதழ் தேடுறன்.

தங்கச்சியோடயும் கதைச்சன். "வானை உன்ர பேரில போட நினைச்சனான்" எண்டு சொல்ல, கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னாள்: "நீங்கள் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன் அண்ணா. வேண்டாம் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."