அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய மூன்று நாவல்கள்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, கொஞ்ச நாள் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புத்தகம் இல்லாமல் அவளுக்கு ராத்திரி தூக்கம் வராது. சாப்பாடு முடிந்ததும் நான் வாசிக்க, அவள் படுத்தபடி கேட்பாள். அம்மா பிறந்தது குமரி மாவட்டம் என்பதால் அந்த ஊர்ப்பக்கத்து நாவல்களாகவே எடுத்தேன்.

முதலில் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’. 1968இல் வந்தது. இரணியல் செட்டியார் குடும்பம் ஒன்றின் கதை. நான் சென்னையில் வளர்ந்தவள். அந்தப் பேச்சு எனக்கு வாயில் வரவில்லை. “இது நம்ம ஊருப் பேச்சுல்லா, பேப்பர் மாதிரி வாசிக்கியே” என்று சொல்லி, கதையில் வரும் உண்ணாமலை ஆச்சி பேசும் இடங்களை அம்மாவே பேசிக்காட்டினாள்.

கதையில் நாகு என்ற பெண்ணை ‘இருசி’ என்று பழி சொல்லி, அவள் பிறந்த வீட்டுக்கே புருஷன் அனுப்பிவிடுகிறான். பெண்மையே இல்லாதவள் என்று அர்த்தம். பொய்ப் பழி. அந்த இடத்தில் அம்மா “நிறுத்து” என்றாள். விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னாள், அவள் தெருவிலும் ஒரு அக்கா அப்படித் திரும்பி வந்ததை. “கிணத்தடியில மட்டும்தான் பாக்கலாம். நாங்க போனா தலையைக் குனிஞ்சுக்கிடுவா.” இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மறுநாள் அவளாகவே, “நாகுவுக்கு என்ன ஆச்சு, வாசி” என்றாள். முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் குடும்பத்தின் சடங்கு, சீர், தெருப்பேச்சு எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்து வந்தால்தான் அந்தப் பழியின் கனம் புரியும்.

அடுத்து ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. சின்னப் புத்தகம், சில ராத்திரிகளில் முடிந்துவிட்டது. கிறிஸ்தவ நாடார் குடும்பம், நொடித்துப்போன பெரிய வீடு. வயதுக்கு வந்ததும் லிஸியின் படிப்பு நின்றுபோகிறது. அவள் மனசு போவதோ பனையேறி மகன் தங்கராஜிடம். ஒரே சாதிக்குள்ளேயே நிலம் வைத்திருப்பவருக்கும் பனையேறுபவருக்கும் நடுவில் நிற்கும் சுவரை இவ்வளவு மெல்லிய குரலில் சொல்லி நான் படித்ததில்லை. லிஸியின் தாத்தா கண்ணப்பச்சியை அம்மா ஒரு நாள் திட்டினாள், மறுநாள் “பாவம் மனுஷன்” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. 1988இல் புத்தகமாக வந்தது. ஊரையே தன் சொல்லுக்குள் வைத்திருக்கும் வடக்கு வீட்டு முதலாளி, அவர் எதிர்க்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், அந்த வீட்டுப் பெண்கள். அரபிச் சொற்களில் நான் தடுக்கி விழுந்தேன். மலையாளச் சொற்களுக்கு அம்மா பொருள் சொன்னாள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘புத்தம் வீடு’ எடுங்கள். பிறகு மீரான், கடைசியில் ‘தலைமுறைகள்’. பேச்சு பிடிபடாவிட்டால் வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குப் புரியாத வரி காதுக்குப் புரிகிறது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அம்மாவின் கண் இப்போது சரியாகிவிட்டது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ தொடங்கியிருக்கிறோம். ஒரு அத்தியாயம் நான் வாசிக்கிறேன், அடுத்தது அவள்.