புதுப்பிப்பு: ஏ.எச். ஹிர்ஷ் 16, ஒருவழியாக ருசி பார்த்துவிட்டேன்

போன மாதம் ஏ.எச். ஹிர்ஷ் ரிசர்வ் என்ற 16 வருட போர்பனை (அமெரிக்க விஸ்கி வகை) பற்றி எழுதியபோது அதைக் கென்டக்கி மாநிலச் சரக்கு என்று சொல்லியிருந்தேன். அது தவறு. பென்சில்வேனியாவின் ஷேஃபர்ஸ்டவுனில் இருந்த மிக்டர்ஸ் ஆலையில் 1974 வசந்தத்தில் வடித்தது அது. போர்பன் அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் வடிக்கலாம். மக்காச்சோளம் 51 சதவீதமாவது இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் கலனில் ஊற வேண்டும்.

இந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான அடால்ஃப் ஹிர்ஷ் வடிக்கச் சொன்னது சுமார் 400 பீப்பாய். 1990இல் ஆலையே மூடப்பட்டது. (இன்றைய மிக்டர்ஸ் கென்டக்கியில் இயங்கும் வேறு நிறுவனம், பெயர்தான் அதே.) மரக்கசப்பு ஏறாமலிருக்க, 16 வருடத்தில் பெரும்பகுதியை எஃகுத் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். எஃகில் விஸ்கி முதிராது என்பதால் வயது அங்கேயே நின்றது. இந்த போர்பனைக் காப்பாற்றியது இந்த முடிவுதான் என்பேன்.

நேற்று நண்பர் வீட்டில் 20 மில்லி கிடைத்தது. தண்ணீர் சேர்க்கவில்லை. முதலில் முறுகிய வெல்லப்பாகு, அப்புறம் பேரீச்சை, ஆரஞ்சுத் தோல். தொண்டையில் இறங்கும்போது பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம். கோப்பை காலியாகி அரை மணி நேரம் கழித்தும் அடியில் வெனிலா மணத்துக்கொண்டே இருந்தது.