பிளாஸ்மா போட்ட பிடிஎம்எஸ் திங்கள்கிழமை வரை தாங்குமா?

எலக்ட்ரானிக்சிட்டி_செல்:
வணக்கம். பெங்களூரில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் செல் கல்ச்சர் பார்க்கிறேன். பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) ஷீட்டில் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) வளர்க்க வேண்டும். அதன் மேற்பரப்பைத் தண்ணீர் பரவும்படி மாற்றும் பிளாஸ்மா மெஷின் எங்களிடம் கிடையாது, யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு லேபில் வெள்ளிக்கிழமை மட்டும் ஆக்சிஜன் பிளாஸ்மா போட்டுத் தருவார்கள். திங்கள்கிழமை செல் விட்டால் ஒட்டுமா? தண்ணீர்ச் சொட்டு முழுசாகப் பரவும் வரைக்கும் ரொம்ப நேரம் போட்டால் நல்லதுதானே?

மல்லேஸ்வரம்வாசி:
உலர்ந்த டப்பாவில் கொண்டு வந்தால் வீண். பிடிஎம்எஸ்ஸுக்குள் வலைப்பின்னலில் சேராத குட்டி மூலக்கூறுச் சங்கிலிகள் இருக்கும், அவை மேலே ஊறி வந்து பிளாஸ்மா உண்டாக்கிய, தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் குழுக்களை மூடிவிடும், சில மணி நேரத்திலேயே இது ஆரம்பித்துவிடும் (வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு டிராஃபிக்கில் நீங்கள் நிற்கும்போதே என்று வைத்துக்கொள்ளுங்கள்). அங்கேயே கிருமி புகாத ஹுட்டுக்குள் ஃபைப்ரோநெக்டின் (செல் ஒட்ட உதவும் புரதம்) பூசி, ஸ்டெரைல் பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) மூழ்கவைத்து எடுத்து வாருங்கள், 4 டிகிரியில் வைத்தால் திங்கள் வரை கவலையில்லை.

புரதப்பித்தன்:
இரண்டாவது கேள்விக்கு, வேண்டாம். செல் நேராகப் பிளாஸ்டிக்கைப் பிடிப்பதில்லை. வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் சீரத்தில் இருக்கும் ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் முதலில் மேற்பரப்பில் படியும், செல்லின் மேலுள்ள இன்டக்ரின் என்ற புரதம் அவற்றைத்தான் பிடிக்கும். சொட்டு அப்படியே பரவிப்போகும் பரப்பில் இந்தப் புரதங்கள் உறுதியாகத் தங்காது, தண்ணீரே ஒட்டாத பரப்பில் உருக்குலைந்து படியும். ஃபைப்ரோபிளாஸ்டுக்குத் தொடுகோணம் (தண்ணீர்ச் சொட்டின் ஓரம் பரப்போடு சேரும் கோணம்) 60, 70 டிகிரி வாக்கில் இருந்தால் நன்றாக ஒட்டும் என்பார்கள்.

மல்லேஸ்வரம்வாசி:
அதோடு பிடிஎம்எஸ் எதற்கு? கடையில் வாங்கும் கல்ச்சர் டிஷ்ஷும் பிளாஸ்மாவோ கொரோனா மின்வெளியேற்றமோ போட்ட பாலிஸ்டைரீன்தானே, மாதக்கணக்கில் தாங்குகிறது. அறை வெப்பத்தில் அதன் சங்கிலிகள் இறுகிக் கிடக்கும், கண்ணாடி மாதிரி இறுகிய நிலையிலிருந்து இளகும் வெப்பநிலையே 100 டிகிரி வாக்கில். பிடிஎம்எஸ்ஸுக்கு அது மைனஸ் 120க்கும் கீழே, சங்கிலிகள் புரண்டுகொண்டே இருக்கும்.

எலக்ட்ரானிக்சிட்டி_செல்:
இழுத்துப் பார்க்கும் பரிசோதனைங்க, டிஷ்ஷை இழுக்க முடியாதே.

புரதப்பித்தன்:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அப்படியென்றால் நீண்ட நேரம் போடவே போடாதீர்கள். மேலே சிலிக்கா மாதிரி விறைப்பான ஒரு தோல் உருவாகும், இழுத்ததும் விரிசல் விடும், விரிசல் வழியாக உள்ளே இருக்கும் சங்கிலிகள் இன்னும் வேகமாக மேலே வரும், செல்களும் விரிசல் கோட்டைப் பார்த்தே நீண்டு வளரும், அப்புறம் இழுவிசையால் வந்த மாற்றமா விரிசலால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. குறைந்த பவரில் கொஞ்ச நேரம் போதும். பிளாஸ்மா போட்டு இழுக்காத ஷீட் ஒன்றையும் கன்ட்ரோலாகக் கூடவே வையுங்கள்.