ஏரோசால்: தூசிப்படலமா, நுண்துகளா, வளிமிதவையா?

வணக்கம்.

மெய்நிகர் புவிக்கோளத்தில் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்ணிய திண்ம, திரவத் துகள்கள்) தரவை அசைவூட்டமாகக் காட்டும் கேஎம்எல் (புவிக்கோளத்தில் தரவை இடும் வடிவம்) கோப்புக்குத் தமிழில் விளக்கப்பட்டை எழுத வேண்டும். முதல் சொல்லே இடிக்கிறது. ஏரோசாலுக்குத் 'தூசிப்படலம்' என்று எழுதுவது வழக்கம். ஆனால் அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்கப்பட்ட நாசாவின் மெர்ரா-2 வளிமண்டலத் தரவில் ஏரோசால் ஐந்து வகையாகப் பிரிந்து வருகிறது: தூசி, கடலுப்பு, சல்ஃபேட், கருங்கரி, கரிமக் கரி. தலைப்பு தூசிப்படலம், அதன் கீழே முதல் அடுக்கு தூசி என்று போட்டால், மற்ற நான்கும் தூசியின் வகைகள் என்றே படிப்பவர் நினைப்பார். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினதூபோ எரிமலை வெடித்த பிறகு உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. இறக்கியது தூசி அல்ல, வளிமண்டல மேலடுக்கில் உருவாகித் தங்கிவிட்ட கந்தக அமிலத் துளிகள். துளியைத் தூசி என்று எப்படிச் சொல்வது?

'காற்றுக்கரைசல்' என்ற இன்னொரு சொல் அதைவிடப் பிழையானது. கரைசல் என்றால் கரைந்திருக்க வேண்டும். இங்கே எதுவும் கரையவில்லை. கரையாமல் தனித்தனியாக மிதப்பதால்தான் ஒளி சிதறுகிறது; செயற்கைக்கோள் அளப்பதும் அந்தச் சிதறலைத்தான்.

'வளிமிதவை' என்று முன்வைக்கிறேன். திண்மமோ திரவமோ, வளியில் மிதப்பது எதுவானாலும் இதில் அடங்கும்.

—

வணக்கம்.

கரைசலை விலக்கியது சரி. மிதவையில் எனக்குத் தயக்கம் உண்டு. கடலில் வெப்பநிலை அளக்கும் கருவிக்கு மிதவை என்றுதான் பெயர். அதே கோளத்தில் கடல் தரவு அடுக்கையும் ஒருவர் திறந்து வைத்திருந்தால் குழம்பாதா? 'நுண்துகள்' ஏற்கெனவே மக்கள் வாயில் புழங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

இன்னொன்று: ஒளி எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதன் அளவான ஆப்டிகல் டெப்த் என்பதற்கு 'ஒளி ஆழம்' போதும் என நினைக்கிறேன்.

—

வணக்கம்.

> 'நுண்துகள்' ஏற்கெனவே மக்கள் வாயில் புழங்குகிறது.

புழங்குவதால்தான் இங்கே ஆகாது. செய்திகளில் நுண்துகள் என்றால் பிஎம் 2.5: தரையருகே ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. கோளத்தில் நாம் காட்டுவது, தரையிலிருந்து வளிமண்டல உச்சிவரை உள்ள அத்தனையும் சேர்ந்து 550 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதை. சஹாராத் தூசி பல கிலோமீட்டர் உயரத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது படம் செக்கச் செவேல் என்றிருக்கும். கீழே கப்பலில் நிற்பவர் சுவாசிக்கும் காற்று அந்த அளவுக்குக் கெட்டிருக்க வேண்டியதில்லை. நுண்துகள் என்று பெயரிட்டால் அந்தச் சிவப்பை எல்லோரும் மூச்சுக்காற்றின் மாசாகவே படிப்பார்கள். சொல்லால் விளையும் இந்தத் தவறைப் பின்னால் எந்த அடிக்குறிப்பாலும் திருத்த முடியாது.

'ஒளி ஆழம்' வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். முப்பரிமாணக் கோளத்தில் ஆழம் என்ற சொல்லைப் பார்த்ததும் உயரம், தாழ்வு என்றே மனம் போகும். இது நீளமே அல்ல, அலகில்லாத எண். 0.1 என்றால் தலைக்கு நேர் மேலிருந்து வரும் சூரிய ஒளியில் சுமார் 90 விழுக்காடு நேராக இறங்கும். 1 என்றால் 37 விழுக்காடுதான். 'ஒளித்தடிப்பு' பொருந்தும். தரவுக்கு உயரமே இல்லை என்பதால் கிரவுண்ட்ஓவர்லேயை (கோளத்தின் மேல் விரிக்கும் படம்) தரையோடு ஒட்டியே வையுங்கள். அழகுக்காக 3,000 மீட்டர் தூக்கிவைத்த கோப்புகள் உண்டு. அவை இல்லாத தகவலைச் சொல்கின்றன. உயரம் வேண்டுமென்றால் 2006-இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் தரவை எடுத்து, அதன் பாதை நெடுக நிற்கும் திரையாகக் காட்டலாம். அது தனி வேலை.

கோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெர்ரா-2 தரவில் 576 × 361 கட்டங்கள். புள்ளிகள் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் இருப்பவை, ஓரத்தில் அல்ல. முதல் நெடுவரிசையின் மையமே −180 பாகை. படத்தை அப்படியே −180 முதல் 180 வரை இழுத்தால் மேற்கு ஓரம் 0.3125 பாகை தவறும். நிலநடுக்கோட்டில் அது ஏறத்தாழ 35 கிலோமீட்டர். துருவங்களிலோ வரிசை பாதி கோளத்துக்கு வெளியே போய்விடும். இதற்கு ஒரு வழி: ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டுக்கு இரண்டாகப் பெருக்கி 1152 × 722 ஆக்குங்கள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை வெட்டுங்கள். இடக்கோடி நெடுவரிசையை எடுத்து வலக்கோடியில் ஒட்டுங்கள். 1152 × 720 படம் கோளத்தில் கச்சிதமாக உட்காரும். தரவின் முதல் வரிசை தென்துருவம், படத்தின் முதல் வரிசை வடதுருவம். தலைகீழாக்க மறந்தால் சஹாராத் தூசி தென்னாப்பிரிக்காவின் மேல் கிளம்பும்.

நேரம் அடுத்தது. ஒருமணிச் சராசரிக் கோப்பில் 00:30 என்று இருப்பது 00:00 முதல் 01:00 வரைக்கான சராசரி. கேஎம்எல்லில் கால இடைவெளியைக் குறிக்கும் டைம்ஸ்பேனின் தொடக்கம் 00:00, முடிவு 01:00, இறுதியில் உலகப் பொதுநேரத்துக்கான இசட் எழுத்து. ஒரே நொடியைக் குறிக்கும் டைம்ஸ்டாம்ப் மட்டும் கொடுத்தால் காலப்பட்டை இரண்டு படங்களுக்கு நடுவே நிற்கும்போது கோளம் வெறுமையாகி மினுக்கும்.

படம் பிஎன்ஜியாக இருக்கட்டும். ஜேபெக்கில் ஒளிபுகுமை கிடையாது. நிற அளவை எல்லாப் படங்களுக்கும் 0 முதல் 1 வரை என ஒன்றாகவே பூட்டுங்கள். வரைநிரல் படத்துக்குப் படம் உச்சத்தைத் தானே தேர்ந்தால், தூசி நகராத நாளிலும் நிறம் துடிக்கும். கோப்பின் கனத்தையும் பாருங்கள். ஒரு படம் நினைவகத்தில் சுமார் 3.3 மெகாபைட், பத்து நாளுக்கு மணிக்கொன்றாக 240 படம் என்றால் 800 மெகாபைட்டை நெருங்கும். மூன்று மணிக்கொன்று என்றால் 265. கண்டங்களைத் தாண்டும் தூசிக்கு அது தாராளம். சோதித்துப் பார்க்க 2020 ஜூன் நடுப்பகுதியை எடுங்கள். சஹாராவிலிருந்து கரீபியன் வரை போன பெரிய தூசிக்கூட்டம் தெளிவாகத் தெரியும்.

கணினி மாதிரி தரும் தரவுக்கு பதில் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் அளவீட்டையே காட்டினால் ஓட்டைகள் வரும்: மேகம், இரவு, கடலில் சூரியன் பளிச்சிடும் பட்டை, நிலநடுக்கோட்டருகே பாதைகளுக்கு இடையே விழும் இடைவெளி. அளக்காத இடமும் தெளிந்த காற்றும் ஒரே ஒளிபுகுமையில் இருக்கக்கூடாது. அளக்காததற்குச் சாம்பல் நிறம் தாருங்கள். அளக்காததைக் குறிக்கும் −9999-ஐ முதலில் நீக்கிவிட்டு, பிறகு 0.001-ஆல் பெருக்கி உண்மை மதிப்பாக்குங்கள்.

மிதவைக் குழப்பத்துக்கு வருகிறேன். கருவியைக் 'கடல்மிதவை' என்று முன்னொட்டோடு எழுதினால் போதும். 'வளி' முன்னால் நிற்கும்போது மயங்க இடமில்லை.

—

வணக்கம்.

பிஎம் 2.5 பற்றிச் சொன்னது என் தயக்கத்தைத் தீர்த்தது. ஒளித்தடிப்பும் நல்ல சொல். வேற்றுமை உருபு ஏற்றியும் பார்த்தேன்: வளிமிதவையின், வளிமிதவையால், வளிமிதவைகள். எங்கும் தட்டவில்லை.

ஒரே வேண்டுகோள்: அடுக்குப் பெயர்களில் 'தூசி வளிமிதவை', 'கடலுப்பு வளிமிதவை' என்று நீட்டாமல், தலைப்பில் மட்டும் 'வளிமிதவை ஒளித்தடிப்பு, 550 நா.மீ.' என்று வைத்து, கீழே தூசி, கடலுப்பு, சல்ஃபேட், கருங்கரி, கரிமக் கரி என்று விடுங்கள். விளக்கப்பட்டை ஸ்கிரீன்ஓவர்லேயில் (திரையில் நிலையாக நிற்கும் படம்) வருவதால் சிறு திரையில் நீண்ட பெயர் நடுவில் வெட்டுப்படும். முதல் பதிப்பின் விளக்கத்தில் ஒருமுறை 'ஏரோசால்' என்றும் இருக்கட்டும். தேடி வருபவர்கள் அந்தச் சொல்லைத்தான் தட்டச்சு செய்வார்கள்.