பெங்களூரில் நேரில் கூடும் தமிழ்த் துக்க ஆதரவுக் குழு உண்டா?

இடம் அல்சூர். 58 வயது அம்மா. மனச்சோர்வு நோயில் இருந்த மூத்த மகன் தற்கொலையால் இறந்து நாலு மாதம் ஆகிறது. அவருக்குத் தமிழ்தான் தெரியும். கன்னடம் கடைத்தெரு அளவுக்கு.

இப்போது ராத்திரி மூன்று மணி நேரத் தூக்கம், ஒரு வேளைச் சாப்பாடு, "அன்னைக்கு நான் போனை எடுத்திருந்தா..." என்ற ஒரே பேச்சு. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டாயிற்று, இல்லை என்கிறார். (கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, தயங்க வேண்டாம்.) மகனின் மீதி மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றியாயிற்று.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை பேசினார். ஆறுதல்தான், ஆனால் போனோடு சரி. ஒரு தனியார் மருத்துவமனையில் தூக்க மாத்திரை மட்டும் எழுதினார்கள். இணையவழிக் குழு ஒன்று, முழுக்க ஆங்கிலம். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 படி நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்லவே குறைந்தது 6 மாதம் ஆகணும். அதனால் நோய்ப்பெயர் தேடவில்லை. சொந்தபந்தத்திடம் 'மாரடைப்பு' என்று சொல்லி வைத்திருப்பதால் யாரிடமும் உண்மையைச் சொல்லி அழ முடியவில்லை. பெரிய முடிச்சு அதுதான்.

அல்சூர், சிவாஜிநகர் பக்கம், தற்கொலையில் உறவை இழந்தவர்கள் நேரில் கூடித் தமிழில் பேசும் குழு யாருக்காவது தெரியுமா?