மின்சாரக் காருக்கு இன்சூரன்ஸ் கூடுமா குறையுமா? கொட்டேஷனைப் பார்த்துக் குழப்பம்

வண்ணார்பேட்டைவாசி:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இப்போது ஓடுவது டாடா பஞ்ச் பெட்ரோல் கார். தினமும் பாளையங்கோட்டை வரை வேலைக்கு, அப்பப்போ கடையத்துக்கு அம்மாவைப் பார்க்க, அவ்வளவுதான் நம்ம ஓட்டம். அதனால் நெக்ஸான் மின்சார வண்டி எடுக்கலாம் என்று போய்க் கேட்டேன். கொட்டேஷனில் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) மட்டும் மூன்று வருடத்துக்கு 20,907 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பெட்ரோல் வண்டிக்குக் கட்டியது 10,640தான். மின்சார வண்டிக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்றல்லவா எல்லோரும் சொல்கிறார்கள், இது எப்படி இரட்டிப்பாகும்?

இன்னொன்று, அதுதான் எனக்குப் பெரிய கவலை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அப்படி மறுபடி வந்தால் பேட்டரிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா? இது தெரியாமல் அட்வான்ஸ் கட்ட மனசு வரவில்லை.

பேட்டை ஏஜென்ட்:

தம்பி, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. தேர்ட் பார்ட்டி கட்டணம் எந்தக் கம்பெனி கையிலும் கிடையாது, ஒன்றிய போக்குவரத்து அமைச்சகம் அறிவிப்பது, எங்கே போட்டாலும் அதே தொகைதான். பெட்ரோல், டீசலுக்கு சிசி (இன்ஜின் கொள்ளளவு) பார்ப்பார்கள், மின்சாரத்துக்கு மோட்டாரின் சக்தியைச் சொல்லும் கிலோவாட். 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியல்படி காருக்கு 30 கிலோவாட் வரை வருடம் 1,780, 30க்கு மேல் 65 வரை 2,904, அதற்கு மேலே போனால் 6,712.

15 சதவீதத் தள்ளுபடி உண்மைதான். 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 7,897, அதில் 15 சதவீதம் கழித்தால் இந்த 6,712 வந்துவிடும். ஆனால் நெக்ஸான் பெட்ரோல் 1,199 சிசி, அது நடு வரிசையில் 3,416இல் நிற்கிறது. அதே பெயருள்ள மின்சார வண்டி 65 கிலோவாட்டைத் தாண்டி மேல் வரிசைக்குப் போய்விடுகிறது. உங்கள் கணக்கு இடித்தது அங்கேதான். 2024இல் வந்த பஞ்ச் மின்சார வண்டியில் சின்ன பேட்டரி உள்ளது 60 கிலோவாட், அதற்கு 2,904 போதும். பேட்டரி அளவைச் சொல்லும் கிலோவாட் அவர் என்ற எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், அது வேறு.

மூன்று வருடம் சேர்த்துக் கட்டச் சொல்வது 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, எல்லாப் புதுக் காருக்கும் உண்டு.

தாழையூத்து சர்வேயர்:

தேர்ட் பார்ட்டியில் வரும் வித்தியாசம் சின்ன காசு. நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பக்கம். பெட்ரோல் வண்டியில் எந்த ஒரு பாகமும் வண்டி விலையில் பெரும் பங்கு கிடையாது. மின்சாரக் காரில் பேட்டரி ஒன்றே மூன்றில் ஒரு பங்கு, சில வண்டியில் அதற்கும் மேலே. அதுவும் எங்கே இருக்கிறது? தரையை ஒட்டி, வண்டிக்கு அடியில். ரோடு வேலை நடக்கிற இடத்தில் ஒரு கல் தூக்கி அடித்து, பேட்டரிப் பெட்டியில் ஒரு விரல் புதையும் அளவு நசுங்கினாலே தண்ணீர் புகாத சீல் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, முழு பேட்டரியையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வருவது உண்டு. பம்பரில் ஒரு கீறல்கூட இருக்காது.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். ஐடிவி என்பது வண்டிக்குக் கம்பெனி ஒப்புக்கொள்ளும் மதிப்பு, நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் வரும்போது அது பாதியாகிவிடும். 14 லட்சம் வண்டி 7 லட்சம் ஆகும். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தை, அதாவது 5 லட்சத்து 25 ஆயிரத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், வண்டியே போனதாகக் கணக்கு. புது பேட்டரி அந்த நேரத்தில் 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அடியில் பட்ட ஒரே அடியில் டோட்டல் லாஸ் ஆகிவிடும். கையில் வருவது 7 லட்சத்துக்குள்தான். அதனால் கொஞ்சம் பிரீமியம் குறையும் என்று ஐடிவியைக் குறைத்துப் போடச் சொல்பவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்புறம் தேய்மானம், பாகம் பழசானதற்காகக் கிளெய்மில் கழிப்பது. வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள். பானெட்டைத் திறந்தால் ஓரமாகக் கிடக்கிற 12 வோல்ட் பேட்டரியை மனதில் வைத்து எழுதிய வரி அது. அதே வரி 6 லட்சம் பேட்டரிக்கு வந்தால் 3 லட்சம் நம் தலையில். எனவே தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் (பம்பர் டு பம்பர் என்பார்கள்) கட்டாயம் போடுங்கள், போட்டதோடு நிற்காமல் அதில் பேட்டரி சேர்ந்திருக்கிறதா என்று வாசகத்தைப் படியுங்கள். சில பாலிசியில் பேட்டரிக்கு விலக்கு என்று ஒரு வரி இருக்கும். பேட்டரிப் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் (கூடுதல் காசு கட்டிச் சேர்ப்பது) இருந்தால் அதையும் சேருங்கள்.

கேடிசி நகர் அக்கா:

வெள்ளம் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா தம்பி, அதற்கு நான் சொல்கிறேன், மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். ஓன் டேமேஜ் பாலிசியில் வெள்ளம் உண்டு. தகராறு வருவது தண்ணீர் வடிந்த பிறகு நாம் செய்யும் வேலையில். பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி67 தரம் என்று விளம்பரம் பார்த்துவிட்டு, தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று இருக்கக்கூடாது, அந்தச் சோதனையே ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்தான். நம்ம ஊரில் தாமிரபரணி தண்ணீர் அரை மணி நேரமா நின்றது? கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே புகுந்ததே.

தண்ணீர் நின்ற வண்டியை ஆன் செய்து பார்ப்பதோ சார்ஜரில் மாட்டுவதோ கூடவே கூடாது. அப்புறம் போனதெல்லாம் வெள்ளத்தால் நேராக வந்தது இல்லை, பின்விளைவுச் சேதம் என்று சொல்லி கிளெய்மை நிறுத்த அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். உயிருக்கும் ஆபத்து. கதவில் சேறு எந்த உயரம் வரை படிந்திருக்கிறது என்று கழுவுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள், உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், கயிறு கட்டி இழுக்கக்கூடாது. சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருமுன் யாரையும் பேட்டரியைத் திறக்க விடாதீர்கள்.

எட்டு வருடம், 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறதே என்று ஷோரூமில் சமாதானம் சொல்வார்கள். அது தயாரிப்புக் குறைக்கும் சார்ஜ் நிற்கும் திறன் குறைவதற்கும். வெள்ளத்துக்கும் கல் அடிக்கும் வாரண்டி வராது. சுவரில் மாட்டுகிற சார்ஜர் பாலிசியில் சேருமா என்றும் கேளுங்கள், பல கம்பெனியில் தனியாகக் கேட்டால்தான் சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் வாட்ஸப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்குங்கள்.

வண்ணார்பேட்டைவாசி:

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. பேட்டரி விலக்கு வரி எங்கள் கொட்டேஷனில் இருக்கிறதா என்று நாளைக்கே பாலிசி வாசகம் கேட்கிறேன். பஞ்சை விற்கப் போகிறேன், அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) 35 சதவீதம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் சேர்ந்தது மின்சார வண்டிக்கு வருமா?

பேட்டை ஏஜென்ட்:

வரும். போனஸ் உங்களுக்குத்தான், வண்டிக்கு இல்லை. பஞ்சை விற்றதும் பழைய கம்பெனியில் என்சிபி (நோ கிளெய்ம் போனஸ்) கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வருடம் செல்லும். புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கழியும், தேர்ட் பார்ட்டியில் கழியாது. கடிதம் கைக்கு வந்த பிறகு கொட்டேஷனை மாற்றிப் போடச் சொல்லுங்கள். மிச்சமாகிற காசில் ஜீரோ டெப்பையும் பேட்டரி ஆட்-ஆனையும் சேர்த்துவிடுங்கள்.